ஈரம் அடங்கும் நேரம்

நீர்வண்ண ஓவியத்தில் வெண்மை என்பது தீட்டப்படுவதன்று, விட்டுவைக்கப்படுவது. மேகத்தின் விளிம்பு, ஏரிநீரில் விழும் வெயில், தொலைவில் குடை பிடித்துச் செல்பவரின் தோள் ஆகிய யாவும் ஓவியர் தொடாது விட்ட காகிதமே. எண்ணெய் வண்ணத்தில் இருளின்மீது ஒளியை ஏற்றலாம். வேண்டாததை மறைத்து மீண்டும் தீட்டலாம். நீர்வண்ணத்திலோ ஒளியிலிருந்து இருளை நோக்கியே பயணம். திரும்பி வருதல் அரிது. ஆதலால் இக்கலையைக் கற்க விழைபவர், ஓவியரின் கை என்ன செய்கிறது என்பதைக் காட்டிலும், அது எப்போது சும்மா இருக்கிறது என்பதையே உற்று நோக்க வேண்டும். நூல்களிலும் இது கூறப்பட்டுள்ளதுதான். ஆயினும் ஒருவர் அருகே பல நாள் அமர்ந்து பார்த்த பின்னரே எனக்கு அது விளங்கியது.

2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், மஞ்சள் காமாலை கண்டு தேறிய எனக்கு மருத்துவர் ஆறு வார ஓய்வு விதித்தார். கொடைக்கானலில் தங்கியிருந்தேன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில், மலை விளிம்பை ஒட்டி 1872இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதை உண்டு. தெளிந்த வேளையில் அங்கிருந்து சமவெளி வரை பார்வை செல்லும். சற்று நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு எழுந்து அனைத்தையும் விழுங்கிவிடும். அங்கேதான் அந்தப் பெரியவரைக் கண்டேன். எழுபது வயதைக் கடந்தவர். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் பயின்று, பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மாணவப் பருவத்தில் காவிரிப் படித்துறையிலும் கோயில் வாயிலிலும் அமர்ந்து வரைந்து பழகிய கை அது. நான் பின்னால் நிற்பதை உணர்ந்து, “உட்காருங்க சாமி. நின்னா தாள்மேல நிழல் விழுது” என்றார். அவ்வளவுதான் அறிமுகம்.

முதல் அரைமணி நேரம் அவர் எதையும் வரையவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர்ப் பென்சிலால் ஐந்தாறு கோடுகள் மட்டுமே இட்டார். 300 கிராம் கனமுள்ள பருத்திக் காகிதத்தை இருபுறமும் நனைத்துப் பலகைமேல் படியவைத்து, பலகையின் மேற்புறத்தை உயர்த்த ஒரு கூழாங்கல்லை அடியில் வைத்தார். அகன்ற தூரிகையால் வானத்தின் கீழ்ப்பகுதியில் மிக மெல்லிய யெல்லோ ஓக்கரைப் பரப்பி, அதன் மேலே அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியென்னாவும் கலந்த சாம்பல் வண்ணத்தை இறக்கினார். இவ்விரண்டையும் சேர்த்தால் உண்டாகும் சாம்பலுக்குத் தனி உயிர் உண்டு. நீலத்தின் நுண்துகள்கள் காகிதத்தின் குழிகளில் தங்கி மணல்போல் படிவதால், அது மழைமேகத்தின் சொரசொரப்பைத் தானே தந்துவிடுகிறது. கடையில் விற்கும் கறுப்பை அவர் பெட்டியில் நான் கண்டதே இல்லை.

வானம் முடிந்ததும் தூரிகையைக் கீழே வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டார். இந்தக் காத்திருப்புத்தான் பாடம். நனைந்த காகிதம் முதலில் கண்ணாடிபோல் மின்னும். பிறகு அந்த மின்னல் குறைந்து பட்டுத்துணியின் மெல்லிய பளபளப்பாகும். அதன்பின் முற்றிலும் மங்கும். கண்ணாடியாக இருக்கும்போது தூர மலையை இட்டால் அது பரவி வானத்தோடு கலந்து காணாமற் போகும். முற்றிலும் காய்ந்தபின் இட்டால் கத்தரித்து ஒட்டியதுபோல் கூர்மையாக நிற்கும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள சில கணங்களே மஞ்சில் தோயும் மலைக்கு உரியவை. மற்றொரு விதியும் உண்டு: அவ்வேளையில் தூரிகையிலுள்ள ஈரம் காகிதத்தின் ஈரத்தைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். மிகுந்தால், உபரி நீர் வண்ணத்தைப் புறந்தள்ளிக் காலிஃபிளவர் பூப்போன்ற திட்டுகளை உண்டாக்கும். அந்தச் சில கணங்கள் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை எந்த நூலும் சொல்ல இயலாது. சித்திரை வெயிலில் திருச்சியில் நொடியில் காய்வது, மழைக்காலக் கொடைக்கானலில் கால்மணி நேரமும் காயாது.

இன்று கைப்பேசியில் நீர்வண்ணக் காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் குறை கூறவில்லை. பலவற்றை நானும் பார்த்ததுண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை, பார்ப்பவர் சலிப்படையாதிருக்க, காயும் நேரத்தை வெட்டிவிடுகின்றன. கற்க வேண்டியதை வெட்டிவிட்டு மற்றதைக் காட்டுகின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

உடனிருந்து பார்த்தவர் ஒருவரைப் பற்றிய வரலாறு ஆங்கில நாட்டில் உண்டு. நீர்வண்ணத்தில் ஒளியையும் மூடுபனியையும் தீட்டுவதில் நிகரற்றவரான டர்னர் (1775–1851) தம் செய்முறைகளைப் பிறர் காண விரும்பாதவர். ஆயினும் 1818இல் யார்க்‌ஷயரிலுள்ள ஃபார்ன்லி மாளிகையில் நண்பர் ஃபாக்ஸ் வீட்டில் தங்கியிருந்தபோது, பெரிய போர்க்கப்பலின் பருமையைக் காட்டும் படமொன்றை அவர் வேண்டினார். வீட்டாரின் மகன் அருகிருந்து பார்த்தான். காகிதம் ஊறும் வரை வண்ணநீரைக் கொட்டி, தேய்த்து, கீறி, ஒரே குழப்பமாகத் தோன்றியதிலிருந்து மெல்ல மெல்லக் கப்பல் வெளிப்பட்டதாம். காலை உணவுக்குப்பின் தொடங்கியது நண்பகல் உணவுக்குள் முடிந்தது. டர்னரும் இளமையில் இவ்வாறு கற்றவரே. அவரும் நண்பர் கர்ட்டினும் மருத்துவர் மன்ரோ என்பவர் இல்லத்தில் மாலைதோறும் அமர்ந்து, கோசன்ஸ் முதலியோரின் படங்களைப் பார்த்து வரைந்தனர்.

தூரத்து மலை நீலமாகத் தோன்றுவது ஏன் என்று நான் ஒருநாள் கேட்டேன். “நடுவுல காத்து இருக்குல்ல சாமி, அதையும்தானே வரையறோம்” என்றார். உண்மைதான். நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கிறது. அவ்வொளி மலையின் இருளோடு சேர்ந்து நம் கண்ணை எட்டுகிறது. மஞ்சிலுள்ள நீர்த்துளிகள் பருத்தவையாதலின் எல்லா நிறங்களையும் ஒருசேரச் சிதறடிக்கின்றன, அதனால் வெண்மை. தொலைவு கூடக் கூடப் பொருள்கள் நீலமடைவதை லியோனார்டோ டா வின்சி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் குறிப்புகளில் எழுதியுள்ளார். வாசகர்கள் மாடியிலிருந்து அருகிலுள்ள தென்னையையும் தொலைவிலுள்ள தென்னையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒரே பச்சை அல்ல என்பது புலப்படும்.

பத்து நாட்கள் சென்ற பின்னரே ஒன்றைக் கவனித்தேன். காத்திருக்கும்போது அவர் காகிதத்தின் ஓரத்தை உயர்த்தி, அதன் அடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஈரமுள்ள காகிதம் குளிரும். காயக் காயக் குளிர்ச்சி குறையும். இதை ஒரு தொழில் நுணுக்கம் என்றே எண்ணியிருந்தேன். அவரே பின்னர்க் கூறினார்: குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயால் இடக்கண் பார்வை போய்விட்டது, வலக்கண்ணும் சுருங்கி வருகிறது. இந்நோயில் வலி இருப்பது அரிது; பெரும்பாலும் பார்வையின் ஓரங்களே முதலில் மங்குகின்றன; இழந்தது எச்சிகிச்சையாலும் திரும்புவதில்லை. (நாற்பது வயதைக் கடந்தோர் கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்வது மிகவும் நன்று.) சாயலுக்குச் சாயல் உள்ள மெல்லிய வேற்றுமையும் தெரியாமற் போகும். மலையின் வடிவம் அவருக்கு மனப்பாடம். நிறங்கள் பெட்டியில் எந்தக் குழியில் உள்ளன என்பதை விரல் அறியும். காகிதத்தின் அந்தப் பளபளப்புத்தான் கைவிட்டுப் போயிற்று. புறங்கையும் மலைக்குளிரில் மரத்துப்போய் அவருக்குச் சரியாகச் சொல்வதில்லை.

ஊர் திரும்புமுன் கடைசியாக நாங்கள் அமர்ந்த காலை, மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. வானத்தை இட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டவர், என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“மினுமினுப்பு இருக்கா சாமி?”

நான் தலையைத் தாழ்த்தி, சாய்ந்த வெளிச்சத்தில் காகிதத்தைப் பார்த்தேன். “இருக்கு ஐயா.”

சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்டார். வலப்புறம் அடங்குகிறது, இடப்புறம் இன்னும் மின்னுகிறது என்றேன். தலையசைத்தார். கீழே பள்ளத்தாக்கில் மஞ்சு திரளத் தொடங்கியிருந்தது. நடைபாதையில் வந்த பள்ளிப் பிள்ளைகள் சிலர் எங்களைச் சுற்றி நின்றனர். நான் கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடி மின்னல் தேய்ந்து, பட்டாகி, வலப்புறத்திலிருந்து அலைபோல் நகர்ந்து வந்தது. அவர் மூன்றாம் முறை கேட்பதற்கு முன்பே, “இப்போ” என்றேன்.

ஒரு கணமும் தயங்காமல் தூரிகை இறங்கியது. மலைமுகடு மெத்தென்று எழுந்தது. அதன் அடி எங்கே முடிந்தது என்று தெரியாதபடி வெண்மையில் கரைந்தது. அவர் தூரிகையைக் கழுவியபடியே, அடுத்த மலைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.