மேட்டுத் தெருவில் வீடு காலி இல்லை

என் இணையருக்குப் பணி மாறுதல் வந்தது. சாத்தனூர் அணைக்குக் கீழே, தென்பெண்ணைக் கரையில் ஒரு சிறு நகரம். பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்களுக்கு வீடு தராதவர்களும் தந்தவரும் ஒரே ஊர்க்காரர்கள். இனி தினமும் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

வாடகை எவ்வளவு, பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன்னால், ஆறு வீட்டுக்குள் வருமா என்று கேட்க வேண்டிய ஊர் அது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் மழை 50 சென்டிமீட்டரைத் தொட்டது. அதற்கு அடுத்த நாள் மேலே ஊத்தங்கரையிலும் அதே அளவு கொட்டியது. அந்தத் தண்ணீரெல்லாம் சாத்தனூருக்குத்தான் வந்தாக வேண்டும். டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிடப்பட்டது. திறந்து மூன்றே மாதமான அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் பாலம் அந்த வெள்ளத்தில் போயிற்று.

“மேல அணை இருக்கு சார், அது பாத்துக்கும்” என்றார் வீட்டு புரோக்கர். சாத்தனூரின் மொத்தக் கொள்ளளவே 7.3 டி.எம்.சி.தான், 1,68,000 கன அடி வேகத்தில் 12 மணி நேரம் ஓடினால் ஒரு முழு அணைத் தண்ணீர் கீழே வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். நிரம்பிவிட்ட அணைக்கு, வருகிற தண்ணீரை அப்படியே கீழே விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. அவருக்கு என் கணக்கு பிடிக்கவில்லை. “வீடு பாக்க வந்தீங்களா, அணை பாக்க வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எனக்குத் தண்ணீரைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் தாத்தா. எங்கள் ஊர் ஏரிக்கு அவர்தான் நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, மூடுவது, மழை இரவில் கரை உடையாமல் காவல் இருப்பது எல்லாம் அவர் வேலை. அந்த ஏரியில் பாய்ந்த ஒரு குழி நிலம்கூட அவருக்குச் சொந்தமில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு மரக்கிளையில் வைக்கோல் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பார்க்கச் சொல்வார். புது ஊருக்குப் போனால் கோயில் எங்கே இருக்கிறது என்று பார், அது மேடு. நம்ம தெரு எங்கே என்று பார், அது பள்ளம் என்பார். சிறுவனாக அதை விடுகதை என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

தாத்தா கணக்குப்படியே போனோம். கோயிலை ஒட்டிய தெருக்களில் 2024 தண்ணீர் ஏறவில்லை. டீக்கடையில் இரண்டு பேரிடம் கேட்டால் போதும். அந்த இரவு டிராக்டரையும் மாட்டையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அங்கே மூன்று வீடுகளில் ‘வாடகைக்கு’ பலகை தொங்கியது.

முதல் வீட்டில் வீட்டுக்கார அம்மா நன்றாகத்தான் பேசினார். காபி கொடுத்தார். சொந்த ஊர் எது என்றார். சொன்னோம். அந்த ஊரில் அவருக்குச் சொந்தக்காரர்கள் உண்டாம். “ஊர்ப் பக்கமா, காலனிப் பக்கமா?” என்று அடுத்த கேள்வி வந்தது. என் இணையர் தயங்கவில்லை. “காலனிங்கம்மா” என்றார். மாலையில் புரோக்கர் போன் செய்தார்: அவங்க பையன் வெளிநாட்டிலிருந்து வர்றானாம், வீடு அவங்களுக்கே தேவைப்படுதாம். இரண்டாவது வீட்டில் சைவமா என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் குலதெய்வத்தைக் கேட்டார்கள். எந்த வீட்டிலும் யாரும் சாதியைக் கேட்கவில்லை! பையன் வரப்போகும் வீட்டின் பலகை இரண்டு வாரம் கழித்தும் அங்கேயே தொங்கியது.

குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955, பிரிவு 4. தீண்டாமையின் பேரால் ஒருவரை எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ, வாங்கவோ, குடியிருக்கவோ விடாமல் தடுப்பது குற்றம். குறைந்தது ஒரு மாதச் சிறை. பல வருடங்களாக மற்றவர்களுக்கு இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு நடந்தபோது எழுதவில்லை. “பையன் வர்றான்” என்ற பதிலை வைத்துக்கொண்டு எந்த ஸ்டேஷனில் என்ன நிரூபிப்பது? பத்து நாளில் அவர் வேலையில் சேர வேண்டும், மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். தோழர்கள் திட்டலாம். திட்டு நியாயமானதுதான்.

அடுத்து புரோக்கர் காட்டியது ஆற்றோரத் தெருவில் ஒரு தனி வீடு. பாதி வாடகை, பாதி அட்வான்ஸ். யாரும் எதுவும் கேட்கவில்லை. சுவருக்கு நெஞ்சு உயரம் வரை புதுப் பெயிண்ட், அதற்கு மேலே பழைய பெயிண்ட். கதவின் அடிப்பக்கம் உப்பிப் பிளந்திருந்தது. சுவிட்ச் போர்டுகளை மட்டும் தலை உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். என் இணையர் நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே வண்டல் இருந்தது.

அந்தத் தெரு முடிகிற இடத்தில் காலனி தொடங்குகிறது. வீட்டுமனை இல்லாத எங்கள் மக்களுக்காக நிலம் எடுக்க 1978இல் மாநிலம் தனிச் சட்டமே போட்டது. நல்ல சட்டம். ஆனால் அதற்காக யார் நிலம் விற்க முன்வந்தார்கள், எந்த நிலத்தை விற்றார்கள் என்பதை நான் போன காலனிகளில் எல்லாம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வாய்க்கால் ஓரத்து நஞ்சை, இல்லாவிட்டால் ஏரிக்குக் கீழ்ப்பள்ளம். பட்டாவில் ‘வீட்டுமனை’ என்று எழுதிவிட்டால் தண்ணீருக்குத் தெரியுமா?

அங்கே ஒரு ஆயாவிடம் பேசினோம். அந்த இரவைப் பற்றிக் கேட்டேன். “நாய் கொலைக்கல கண்ணு, அழுதுச்சி. கட்டில்லேர்ந்து கால வச்சா தண்ணி.” பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே ஒரு கல்யாண மண்டபம். கேட் பூட்டியிருந்தது. ஓனரைக் கேட்காமல் திறக்க முடியாது என்றார் வாட்ச்மேன். ஓனர் போனை எடுக்கவில்லை. விடியும்வரை மதில் ஓரமாக மழையில் நின்றிருக்கிறார்கள். “யாரும் அடிச்சித் தொரத்தல. தொறக்கல, அவ்ளோதான்.”

எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு, இல்லை என்றன எதிர்க்கட்சிகள். ஆயாவிடம் கேட்டால், மைக் கட்டின ஆட்டோ கடைத்தெருவோடு திரும்பிவிட்டது என்கிறார். முன்பெல்லாம் இந்தச் சேதியைத் தண்டோரா போட்டுச் சொன்னவர் எங்கள் தெருக்காரராகத்தான் இருப்பார். 2022இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அந்த வழக்கத்தை நிறுத்தி, வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுங்கள் என்றார். மிகச் சரியான முடிவு, யாரும் அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம். அந்த வண்டி காலனிக்குள்ளும் வர வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

நிவாரணம் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். ஆயாவின் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த குடும்பத்துக்கு அட்டை வேறு ஊரில் இருந்தது. பாத்திரம் முதல் பாய் வரை எல்லாம் போயும் அவர்கள் கைக்கு ஒன்றும் வரவில்லை. ஆற்றோர ஊருக்குக் குடிபோகிறவர்கள் அட்டையின் முகவரியை முதல் வாரமே மாற்றிவிடுங்கள். பிள்ளைகளின் சாதிச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைக்கு எட்டும் உயரமான இடத்தில் வையுங்கள். ஒரு காகிதம் நனைந்ததால் கல்வி உதவித்தொகைக்கு அலைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு மாடிப் போர்ஷன் கிடைத்தது. புரோக்கர் இல்லாமல், டீக்கடைக்காரர் சொல்லி. வீட்டுக்காரர் ஒரு பாய், பல வருடம் சவுதியில் வேலை பார்த்துத் திரும்பியவர். “எத்தனை பேரு?” என்று மட்டும் கேட்டார். “மூணு பேருங்க” என்றேன். “கீழ நாலு அடி நின்னுச்சி தம்பி, மறைக்க மாட்டேன். மேல வரல” என்றார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். இது பாதுகாப்பான வீடு என்று சொல்ல மாட்டேன். அடுத்த முறை ஆறு அடி வந்தால் கீழே இருக்கிற பாய் குடும்பமும் மேலே எங்களோடுதான் இருக்கும். அரிசியும் அடுப்பும் அதற்கேற்றபடி வைத்துக்கொள்ள வேண்டும்.

பால் காய்ச்சிய அன்று ஆயாவை அழைத்திருந்தோம். வெளியிலிருந்து ஏறும் மாடிப்படி, கீழே இரும்பு கேட். உள்ளே வருவதற்கு முன் அவர் அந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“இத ராத்திரில பூட்டுவியா பாப்பா?”

“பூட்டுவோம் ஆயா.”

என் இணையர் பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, இரண்டாவது சாவியை வளையத்திலிருந்து கழற்றி ஆயா கையில் கொடுத்தார். ஆயா அதைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியில் எத்தனை பேர் நிற்கலாம் என்று பார்க்கப் படியேறினார்.