நூறு வோல்ட் பெடலும் ரிச்சி தெருக் காயிலும்

ஜப்பானில் சுவர்ப் பிளக்கில் வருவது 100 வோல்ட். அமெரிக்காவில் 120. நம் ஊரில் 230. 1976-இல் பாஸ் நிறுவனம் வெளியிட்ட சி.ஈ.-1 என்ற கிட்டார் கோரஸ் பெடல், பிற்காலத்துப் பெடல்களைப் போல 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவதல்ல. மின்கம்பி நேரே பெட்டிக்குள் போகும்; டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருக்கும். ஜப்பான் சந்தைக்குச் செய்த பெட்டியைச் சென்னையில் அப்படியே செருகினால், 100 வோல்ட்டுக்குச் சுற்றிய காயிலில் 2.3 மடங்கு மின்னழுத்தம் ஏறும். இரும்பு மையம் அதைத் தாங்காது, மின்னோட்டம் எகிறும். ஃபியூஸ் முந்திக்கொண்டால் பெட்டி பிழைக்கும். இல்லையென்றால் காயில் கருகும்.

அப்படிக் கருகிய ஒன்றைச் சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருப் பக்கம் ஒரு பழுதுபார்ப்பு மேசையில் பார்த்தேன். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று கிளை பிரியும் அந்த மின்னணுச் சந்தையில், மாடிப்படிக்கு அடியில் ஒருவர் மட்டும் உட்காரும் அளவுக்கு இடம். மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் இளைஞர் ஒருவர் கொண்டுவந்த பெடல் அது. கச்சேரிக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் மேடை உதவியாளர், மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரைத் தவிர்த்து நேரே போர்டில் செருகிவிட்டாராம்.

"வாசம் வந்துச்சா தம்பி?" என்று கேட்டார் மெக்கானிக் அண்ணன்.

"வந்துச்சுண்ணே. உடனே பிடுங்கிட்டோம்."

"அப்ப உள்ள இருக்கிறது பிழைச்சிருக்கும்."

அவர் முதலில் டிரான்ஸ்ஃபார்மரைத் தொடவில்லை. அதன் இணைப்புகளைப் பிரித்துவிட்டு, மேசையிலிருந்த பவர் சப்ளையிலிருந்து சர்க்யூட்டுக்கு வேண்டிய டி.சி. மின்சாரத்தைக் கொடுத்துப் பார்த்தார். சர்க்யூட் பிழைத்திருக்கிறதா என்ற கவலை நியாயமானது. கிட்டார் ஒலியைச் சிறிது தாமதித்து, அசலோடு கலந்து அலையாடவைப்பது உள்ளே உள்ள எம்.என்.3002 சில்லு. ஒலியின் மின்னழுத்தத்தை 512 படிகள் வழியாகக் கைமாற்றி அனுப்பும் இத்தகைய சில்லுகளுக்கான கருத்தை 1969-இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்து சாங்ஸ்டரும் டீரும் கண்டுபிடித்தார்கள். அந்த எம்.என்.3002 இப்போது உற்பத்தியில் இல்லை. காயிலைத் திரும்பச் சுற்றிக்கொள்ளலாம். சில்லு போனால் பழைய இருப்பில்தான் தேடவேண்டும். ஸ்பீக்கரில் கோரஸ் வந்தபோது இளைஞரின் தோள்கள் தளர்ந்தன.

டிரான்ஸ்ஃபார்மர் அடுத்த சந்துக்குப் போனது. நானும் பின்னாலேயே போனேன். ஸ்டெபிலைசர், ஆம்ப்ளிஃபயர் காயில்கள் சுற்றும் கடை. கைப்பிடி சுழற்றும் இயந்திரம், அதன் பக்கவாட்டில் எண்ணி, சுவரெங்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பி உருளைகள். அங்கே சுற்றுபவர் நடுவயதுப் பெண்மணி. கடைக்காரர் உட்பட எல்லாருக்கும் அவர் அக்கா. E வடிவத் தகடுகளையும் I வடிவத் தகடுகளையும் வளையாமல் ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். மேலே இருந்த இரண்டாம் சுற்றைப் பிரித்து எண்ணிக்கையை ஓர் அட்டையில் குறித்தார். அடியில் இருந்த, சுவர் மின்சாரம் ஏறும் முதல் சுற்று எரிந்து ஒட்டிக்கிடந்தது. கம்பி அறுந்த ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, எண்ணை எழுதி, மீண்டும் தொடங்கினார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "எண்ணிட்டிருக்கேன், இருங்க சார்" என்று நிமிராமலே சொன்னார்.

அந்த எண்ணிக்கையில்தான் தொழிலே இருக்கிறது. ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதை மையத்தின் குறுக்குப் பரப்பும் மின்சாரத்தின் அலைவெண்ணும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. 50 ஹெர்ட்ஸில், ஒரு டெஸ்லா காந்தச் செறிவுக்கு, 2 சதுர சென்டிமீட்டர் மையம் என்றால் வோல்ட்டுக்கு ஏறத்தாழ 22.5 சுற்று. 100 வோல்ட்டுக்கு 2,250. 230 வோல்ட்டுக்கு 5,175. அவ்வளவு கம்பி அதே இடத்தில் அடங்குமா என்று கேட்கத் தோன்றும். அடங்கும். மின்னழுத்தம் 2.3 மடங்கு ஏறினால், அதே வேலைக்கு வேண்டிய மின்னோட்டம் அதே அளவுக்கு இறங்குகிறது. ஆகவே மெல்லிய கம்பி போதும். விட்டம் மூன்றில் இரண்டு பங்கானால் சரியாக இருக்கும். இந்த அளவுப் பெட்டிகளுக்கு எஸ்.டபிள்யூ.ஜி. 44 மாதிரிக் கம்பி வரும்; 0.08 மில்லிமீட்டர், தலைமுடி போல. இழுப்பு கூடினால் அறும், தளர்ந்தால் அடுக்கு சரியும். அக்காவின் இடக்கை விரல்களுக்கு நடுவே கம்பி ஓடும்போது அந்த இழுவிசையை எந்தக் கருவியும் அளக்கவில்லை. அடுக்குகளுக்கு இடையே காப்புத் தாள். முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவே அது இரண்டு மடங்கு. வாசிப்பவரின் உயிருக்குக் காவல் அந்தத் தாள்தான். கடைசியில் வார்னிஷில் முக்கிக் காயவைத்தார்.

ஜப்பான் பெட்டி ஒருவகையில் சுலபம். அந்த நாட்டின் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. ஆகவே அங்குள்ள டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டையும் தாங்கும்படியே செய்யப்பட்டவை. அமெரிக்கப் பெட்டி 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்கிட்டதாக இருந்தால், வோல்ட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு சுற்று கூடுதலாகப் போடவேண்டும். மோட்டார் உள்ள கருவிகளில் சிக்கல் இன்னும் பெரிது. எக்கோபிளெக்ஸ் டேப் எக்கோவில் மோட்டாரின் வேகமே அலைவெண்ணைப் பொறுத்தது. வோல்ட்டேஜைச் சரிசெய்தாலும் 50 ஹெர்ட்ஸில் நாடா ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடும். அதற்குக் காயில் கடை உதவாது. நாடாவை இழுக்கும் உருளையின் விட்டத்தைக் கூட்ட லேத் பட்டறைக்குப் போகவேண்டும்.

உலர்ந்த டிரான்ஸ்ஃபார்மர் மெக்கானிக்கின் மேசைக்குத் திரும்பியது. மெக்கரில் 500 வோல்ட் வைத்துக் காப்பைச் சோதித்தார். பிறகு குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அன்று ஒரு கணம் மினுக்கி மங்கியது. பழைய இடத்தில், பழைய திசையிலேயே பொருத்தினார். திருப்பி வைத்தால் அதன் காந்தப்புலம் ஒலிப்பாதையில் கலந்து உறுமுமாம். ஃபியூஸையும் மாற்றினார். மின்னோட்டம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டதால் பழைய ஃபியூஸ் இனிக் காவலாகாது. இதை மறப்பவர்கள்தான் அதிகம் என்றார்.

எர்த் விஷயத்தில் அவர் கறாரானவர். இரண்டு கம்பி கேபிளை வெட்டியெறிந்து மூன்று கம்பி போட்டு, பச்சைக் கம்பியை உலோகப் பெட்டியோடு இறுக்கினார். ஆம்ப்ளிஃபயரும் பெடலும் தனித்தனியே எர்த் ஆனால் உறுமல் வரலாம். அதற்குப் பயந்து பலர் எர்த்தை வெட்டிவிடுகிறார்கள். கிட்டாரின் தந்திகள் எர்த்தோடு இணைந்தவை. வாசிப்பவரின் கை அவற்றின் மீதே இருக்கிறது, உதடு மைக்கில் படுகிறது. ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972-இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில், முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். உறுமலைப் போக்க ஆம்ப்ளிஃபயரையும் பெடலையும் ஒரே போர்டில் செருகிப் பார்க்கலாம், ஒலிப்பாதையில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். எர்த்தை வெட்டுவதற்கு எந்தக் காரணமும் போதாது.

வெளியே ஒரு ஸ்டெப்டவுன் வைத்தால் போதாதா? வீட்டில் வாசிப்பவருக்குப் போதும். அசல் உறுப்புகள் மாறாமல் இருக்கவேண்டும் என்று நினைப்பவருக்கு அதுவே நல்லதும்கூட. மேடைக்குப் போகும் பெடலுக்கு அது போதாது. என்றாவது ஒருநாள் வேறொரு கை அதை நேரே செருகும். முடி உலர்த்திக்கென்று விற்கும் எடை குறைந்த கன்வெர்ட்டர்களை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது.

இன்றைய பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட் டி.சி.யில் ஓடுகின்றன, 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டர்களும் வந்துவிட்டன. அதனால் இந்த வேலை அரிதாகிவருகிறது. வேலை அரிதானால் கையும் அரிதாகும் என்பது என் கவலை.

பழைய பெடல் ஒன்று வெளிநாட்டிலிருந்து உங்கள் கைக்கு வந்தால், செருகுவதற்கு முன் பின்பக்கத் தகட்டில் வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் படியுங்கள். காயில் எரியாமல் இருந்தால், அதைப் பிரிக்காமல் அதே அளவில் புதிதாக ஒன்று சுற்றச் சொல்லி, பழையதைப் பத்திரப்படுத்துங்கள். ஐயாயிரம் சுற்று சுற்றுபவரிடம் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள்.