பித்தளையில் மறைந்த இறுக்கம்

பட்ட அடியைப் பித்தளை மறப்பதில்லை. வகுப்பிலே நாம் இவ்வாறு கூறும்போது மாணவர் நகைப்பதுண்டு. அப்பொழுது அவர்களுக்குத் துவக்குத் தோட்டாவின் வரலாற்றைக் கூறுவோம்.

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர், மாரிகாலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தனர். பின்னர் எடுத்துப் பார்த்தபோது, ஒருவரும் சுடாத தோட்டாக்களின் கோதுகள் வெடித்துக் கிடந்தன. இதன் காரணத்தை மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் 1921ஆம் ஆண்டிலே விளக்கினர்.

தோட்டாக் கோது, நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் சேர்ந்த பித்தளையாலானது. தகட்டைக் குளிர்ந்த நிலையிலேயே அழுத்தி இழுத்துக் கோதாக்குவர். அதனால் உலோகம் வலுப்பெறும். ஆயின் அதனுள்ளே ஓர் இறுக்கமும் தங்கிவிடும். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து அவ்விறுக்கம் நின்ற இடங்களைப் பிளந்தது. பரிகாரமோ எளிது: ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்தெடுத்தால், வலிமை குன்றாமலே இறுக்கம் தணியும்.

சுட்ட கோதையே மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வேட்டைக்காரரும் குறிசுடுவோரும் மேல்நாடுகளில் உளர். சுடுந்தோறும் கோதின் கழுத்து விரியும். அச்சிலிட்டு அதனை மீண்டும் ஒடுக்குவர். இவ்வாறு பலமுறை நிகழ்ந்தால் கழுத்து இறுகிப் பிளக்கும். ஆகவே, கோதின் அடியை நீரில் நிறுத்தி, கழுத்தையும் தோளையும் மட்டும் சில விநாடி தீயிற் காட்டி மென்மையாக்குவர். அடிப்பாகத்தைச் சூடு தீண்டலாகாது. 3,000 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அமுக்கத்தை அதுவே தாங்கவேண்டும். அது மென்மையுற்றால் கோது கிழிந்து, வெந்த வாயு சுடுவோன் முகத்திற் பாயும். முன்னரே வெடித்த கோதை எந்த நெருப்பும் ஒட்டவைக்காது. அதனை எறிந்துவிடுதலே அறிவு.

நம் கன்னாரும் இந்த உண்மையைக் கைப்பழக்கத்தால் அறிந்தவரே. சிறுவயதிலே நாம் கண்ட முதியவர் ஒருவர், குடத்தை ஓயாது அடிக்கமாட்டார்; இடையிடையே நெருப்பிலிட்டு ஆறவிட்ட பின்பே மீண்டும் சுத்தியலை எடுப்பார்.

பரீட்சை நெருங்கினால், பெற்றார் சிலர் நம்மிடம் வந்து, "இன்னும் இறுக்கிப் படிப்பியுங்கள், மாஸ்ரர்" என்பர். விடியுமுன் ஒரு வகுப்பு, அந்தியில் இரு வகுப்பு என அப்பிள்ளை முன்னரே இறுகிப்போயிருக்கும். வெடிப்பு வெளியே தெரியும்போது காலம் கடந்துவிடுமே! இன்றிரவு பிள்ளை நன்றாக உறங்கட்டும் என்று சொல்லியே அவர்களை அனுப்பிவைக்கிறோம்.