விலைக்கு வந்த ஒரு வீடு

தமிழிலே 'வீடு' என்னும் சொல் மனையையும் குறிக்கும். பற்றறுத்தோர் எய்தும் பேரின்ப நிலையையும் குறிக்கும். பற்றினால் எழுப்பப்படுவதற்கும் பற்றை விட்டபின் கிடைப்பதற்கும் நம் முன்னோர் ஒரே பெயரை வழங்கினர். இங்கிலாந்தின் சசெக்ஸ் பிரதேசத்தில், றொட்மெல் என்னும் சிற்றூரிலே, 'துறவியர் மனை' எனப் பொருள்படும் 'மொங்ஸ் ஹவுஸ்' என்ற பழைய வீடு 1919 ஆம் ஆண்டில் ஏலத்துக்கு வந்த வரலாற்றைப் படித்தபோது இச்சொல்லின் இருபொருளும் என் நினைவுக்கு வந்தன. அவ்வீட்டை வாங்கிய தம்பதியருள் ஒருவர் யாழ்ப்பாணத்திலே அரச பணி புரிந்தவர் என்பதே அவ்வரலாற்றை நான் தேடிப் படித்தமைக்குக் காரணமாகும்.

லெனாட் வூல்ப் 1904 ஆம் ஆண்டின் இறுதியிற் சிவில் சேவை உத்தியோகத்தராக இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலே கோட்டை மதில்மேல் அமைந்திருந்த பங்களாவில் வசித்தார், தமிழ் கற்றார், 1906 ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்பின்போது அங்கு கடமையாற்றினார். வழியிற் சென்ற தமிழ் வழக்கறிஞர் ஒருவரின் முகத்திற் சவுக்கினால் அடித்தார் என்றொரு முறைப்பாடும் அவர்மீது எழுந்தது. தாம் அடிக்கவில்லை, குதிரைமீதிருந்தவாறு சவுக்கை நீட்டி எதையோ சுட்டினோம் என்பது அவர் தந்த விளக்கம். எனினும், ஆளுவோன் நீட்டும் கை ஆளப்படுவோனுக்கு எவ்வாறு தோன்றும் என்பதை அச்சம்பவம் அவருக்கு உணர்த்தியிருத்தல் வேண்டும். கண்டியிலும் பின்னர் அம்பாந்தோட்டையிலும் பணியாற்றி, 1911 இல் விடுமுறையிற் சென்ற அவர், மறு ஆண்டு பதவியைத் துறந்தார். அதே ஆண்டில் வேர்ஜினியாவை மணம் புரிந்தார். பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தைக் கண்டித்து எழுதியோருள் அவரும் ஒருவரானார்.

இத்தம்பதியர் சசெக்ஸில் 'ஆஷம்' என்னும் வீட்டைக் குத்தகைக்குப் பெற்றிருந்தனர். 1919 இல் அதனை விட்டுக் கொடுக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. வேர்ஜினியா அவசரப்பட்டு லூயிஸ் நகரில் வட்ட வடிவமான வீடொன்றை 300 பவுணுக்கு வாங்கிவிட்டார். அதனைக் கணவருக்குக் காட்டச் சென்றபோதுதான் றொட்மெல் வீடு விலைக்கு வருவதை அறிவிக்கும் விளம்பரம் அவர்கள் கண்ணிற் பட்டது. வீட்டைப் பார்த்த வேர்ஜினியா தம் ஆசைக்குத் தாமே தடைபோட முயன்று, குறைகளையெல்லாம் கணக்கெடுத்தார். அறைகள் சிறியன, ஈரம் மிகுந்தன, வெந்நீர் இல்லை, குளியலறை இல்லை, மின்சாரமும் இல்லை. ஆயினும் தோட்டம் இருவரையும் வென்றுவிட்டது. முக்கால் ஏக்கர் நிலம். எங்கள் கணக்கிற் கூறுவதாயின் 12 பரப்புக் காணி. 1919 ஜூலை 1 ஆம் திகதி லூயிஸ் நகர விடுதியொன்றில் நடைபெற்ற ஏலத்தில் 700 பவுணுக்கு வீடு அவர்களுடையதாயிற்று. வட்ட வீட்டை 320 பவுணுக்கு விற்றனர். இலங்கையிலிருந்த காலத்திற் குதிரைப் பந்தயச் சீட்டொன்றில் லெனாட்டுக்கு 690 பவுண் பரிசு விழுந்திருந்தது. பதவியைத் துறக்கும் துணிவுக்கு அப்பணமும் ஒரு பக்கபலமாக இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

வீட்டின் பெயரோ வீட்டைப்போல் உறுதியானதன்று. லூயிஸ் மடத்துத் துறவியர் ஓய்வுக்காக வந்து தங்கிய இடம் என்றொரு கதை வழங்கியது. பழைய பத்திரங்களைப் பொறுமையுடன் ஆராய்ந்த லெனாட், துறவிகளுக்கும் அவ்வீட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லையெனக் கண்டார். அம்பாந்தோட்டையிற் காணி வழக்குகளை விசாரித்த அதிகாரியின் கண் இங்கும் தொழிற்பட்டது எனலாம். பெயர் பொய்யாயினும் அவர் அதனை மாற்றவில்லை.

அவ்வீடு படிப்படியாக மாறிய முறையும் கவனத்திற்குரியது. 1925 இல் வெளியான 'மிஸிஸ் டலவே' நாவலின் வருவாயைக் கொண்டு வெந்நீரும் குளியலறையும் அமைந்தன. 1928 இல் வெளிவந்த 'ஒர்லாண்டோ' ஈட்டிய பணம் மறு ஆண்டு ஒரு புதிய கட்டடப் பகுதியாகியது. பெண் எழுதுவதற்குச் சொந்த அறையும் ஆண்டுக்கு 500 பவுண் வருவாயும் வேண்டும் என அவர் வாதிட்ட நூல் வெளிவந்ததும் அதே 1929 ஆம் ஆண்டிலேயே. 'ஒர்லாண்டோ'வுக்குத் தூண்டுகோலாயிருந்த விற்றா சக்வில்-வெஸ்ற், தாம் பிறந்து வளர்ந்த 'நோல்' என்னும் மாபெரும் மாளிகையைப் பெண் என்ற ஒரே காரணத்தால் இழந்தவர். 1928 இல் தந்தை இறந்ததும் அது அவருடைய சிறிய தந்தையிடம் சென்றது.

இவ்விடத்தில் எங்கள் தேசவழமையை எண்ணிப் பார்த்தல் பொருந்தும். தாயின் சீதனம் மகளுக்குச் சேரும் வழக்கம் எம்மிடையே நெடுங்காலமாக உண்டு. ஆயின் அதிற் பெருமை கொள்வதற்கு முன் இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். லெனாட் இலங்கையை விட்டு நீங்கிய அதே 1911 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட யாழ்ப்பாணத்து விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசைவற்ற ஆதனத்தைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்றல் ஆகாது என விதித்தது. நோல் மாளிகையின் மகளுக்கு வீடு கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்து மகளுக்கு வீடு கிடைத்தது, அதன்மேல் முழு அதிகாரம் கிடைக்கவில்லை.

லெனாட் 1913 இல் வெளியிட்ட, 'காட்டில் உள்ள கிராமம்' எனப் பொருள்படும் நாவலை அறியாதார் நம்மிடையே குறைவு. 1980 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனை 'பெத்தேகம' எனத் திரைப்படமாக்கினார். சேனைப் பயிர்ச்செய்கையும் கடனும் தலைமைக்காரனின் வஞ்சமும் சேர்ந்து ஒரு சிற்றூரை அழிக்கின்றன. குடிசைகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின்றன. காடு முற்றத்துக்கு வருகின்றது. இறுதியில் ஒருத்தி மட்டும் எஞ்சுகின்றாள். இந்நாவல் வெளிவந்து ஆறு ஆண்டுகளின் பின்னரே அதன் ஆசிரியர் ஓர் ஆங்கிலச் சிற்றூரில் வீடு வாங்கினார். இரு கிராமங்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. பழைய வீடு நிலைப்பதற்கு அதன் சுவரின் வலிமை மட்டும் போதாது. பதிவேடு வேண்டும், சட்டம் வேண்டும், பழுது பார்க்கப் பணம் வேண்டும், பார்க்க வருவோரும் வேண்டும். பெத்தேகமவின் மண் குடிசைகளுக்கு இவற்றில் ஒன்றேனும் இருக்கவில்லை.

இங்கிலாந்திலும் எல்லா வீடுகளும் நிலைத்தன என்பதற்கில்லை. மரண வரியும் மாறிய பொருளாதாரமும் 20 ஆம் நூற்றாண்டில் எத்தனையோ பெருமாளிகைகளை இடித்தழித்தன. 1974 இல் லண்டன் விக்டோரியா அல்பேட் அரும்பொருட் சாலையில் அவ்வழிவைப் பற்றியே ஒரு கண்காட்சி நடைபெற்றது. பிரபுக்களின் மாளிகைகள் வீழ்ந்த அந்நூற்றாண்டில் இவ்வெளிய வீடு நிலைத்தமைக்கு, அங்கு எழுதப்பட்டவையே முதற் காரணம். 1941 மார்ச் 28 ஆம் திகதி வேர்ஜினியா அவ்வீட்டிலிருந்து நடந்து சென்று அருகிலுள்ள ஊஸ் ஆற்றில் உயிர் நீத்தார். அவருடைய சாம்பர் தோட்டத்து மரத்தடியிற் புதைக்கப்பட்டது. லெனாட் தொடர்ந்து அங்கேயே வாழ்ந்து, மரங்களைப் பேணி, 1969 இல் மறைந்தார். பின்னர் அவ்வீடு சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்து, 1980 இல் தேசிய நம்பிக்கை நிதியத்திடம் சேர்ந்தது. இனி அதற்கு விலைகூறல் எளிதன்று.

அவர் முதலில் வாழ்ந்த யாழ்ப்பாணக் கோட்டையின் கதை வேறு. 1990 இல் மூண்ட முற்றுகையும் தொடர்ந்த போரும் உள்ளிருந்த கட்டடங்களைச் சிதைத்தன. 1706 இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயமும் அழிந்தது. அந்நியன் கட்டியதுதானே என்று கூறி நாம் இவ்விழப்பைக் கடந்துவிட முடியுமா என நான் என்னையே வினவிக்கொண்டதுண்டு.

இவ்வினா எனக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. எங்கள் ஊரில் அம்மம்மாவின் நாற்சார் வீடு இப்போது விலைக்கு உள்ளது. மாமாமார் கடல் கடந்து வாழ்கின்றனர். திரும்பி வரும் எண்ணம் அவர்கட்கில்லை. 1995 இடப்பெயர்வின் பின் அதில் எவரும் நிலையாக வாழவில்லை. சீதன உறுதியை நான் வாசித்துப் பார்த்தேன். நான்கு எல்லைகளும், வான்பயிரும், கிணற்றிற் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும் அதில் ஒழுங்காக எழுதப்பட்டுள்ளன. அம்மம்மா அவ்வீட்டு விறாந்தையில் அயற் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கியமை அதில் இல்லை. கிணற்றடியில் யாரை எத்தனை தூரத்தில் நிறுத்தினார்கள் என்பதும் அதில் இல்லை. இரண்டும் அவ்வீட்டின் வரலாறே.

விற்க வேண்டாமென்று மாமாமாரிடம் கூறும் தகுதி எனக்கில்லை. கூரை மாற்றும் செலவை நான் ஏற்க முடியாது. ஆயினும் றொட்மெல் வீட்டின் பத்திரங்களை ஆராய்ந்து பொய்க் கதையை நீக்கிய அம்மனிதரிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. இவ்விடுமுறையில் அம்மாவையும் அயலிலுள்ள முதியோரையும் கேட்டு, அவ்வீட்டில் வாழ்ந்தோரையும் அதன் முற்றத்துக்கு வர மறுக்கப்பட்டோரையும் பற்றி எழுதத் தொடங்கியுள்ளேன். வாங்குபவர் எவராயினும், உறுதியுடன் அதன் பிரதியொன்றையும் அவரிடம் கொடுக்க எண்ணியிருக்கிறேன்.