ஸான்... ‘த்’ வருமா, வராதா?

நாலு மாசம் டியூஷன் வைத்து பிரெஞ்சு படித்துவிட்டு பாரிஸ் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கும். ஊரில் இறங்கினால் எல்லாம் கைகோத்துக்கொண்டு ஓடும். எது எங்கே முடிகிறது, எது எங்கே ஆரம்பிக்கிறது... ஊஹூம், பிடிபடாது!

பாடம் கற்க நல்ல இடம், 14-ம் நம்பர் மெட்ரோ. டிரைவரே இல்லாமல் ஓடுகிற ரயில். வடக்கே போனால் வரிசையாக மூன்று ‘செயின்ட்’கள் வருவார்கள். மூன்று போர்டிலும் அந்தச் சொல்லின் கடைசியில் ‘த்’ உண்டு. ஆனால், முதலாவது ஸ்டேஷன் ‘ஸான் லஸார்’. ‘த்’தைக் காணோம். அடுத்தவர் ‘ஸான்துவான்’. ‘த்’ ஆஜர்! கடைசியில், 2024-ல் திறந்த ‘ஸான் டெனி’. மறுபடி மாயம்!

சங்கதி இதுதான். பழைய பிரெஞ்சில் கடைசி மெய்யெழுத்துக்கள் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. காலப்போக்கில் பல தேய்ந்து போயின. எழுத்தில் மட்டும் தங்கிவிட்டன. பக்கத்தில் ஓர் உயிரெழுத்து வந்து தட்டினால் சில சட்டென்று விழித்துக்கொள்ளும். இதற்கு ‘லியேஸோன்’ என்று பெயர்.

நாமும் மணி, அடித்தது இரண்டையும் சேர்த்து ‘மணியடித்தது’ என்கிறோம். ஆனால் அந்த ‘ய்’ வெளியிலிருந்து வந்த விருந்தாளி. பிரெஞ்சுக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே தூங்குகிறவரை எழுப்பிக்கொள்கிறார்கள்!

எழுந்து வருகிறவர் சமயத்தில் வேஷமும் மாற்றிக்கொள்வார். ‘ஸ்’ என்று எழுதியிருந்தால் தேனீ ரீங்காரம் மாதிரி ஒலிக்கும். அந்தப் பிரசித்தி பெற்ற அகல வீதியின் பெயரே அப்படித்தான்: ‘ஷான்’, ‘எலிஸே’ சேர்ந்து ‘ஷான்ஸெலிஸே’. ஒன்பதுக்கு ‘நெஃப்’. மணியோடு சேர்ந்தால் ‘ஃப்’ போய் ‘வ்’ வந்துவிடும். கடை எப்போது திறக்கும் என்று கேட்டு, பதில் ‘நெவர்’ என்று காதில் விழுந்தால் முகம் வாடாதீர்கள். காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள்!

பர்ஸுக்கும் இதில் ஆபத்து உண்டு. 2 யூரோ என்பது ‘தோஸோரோ’. 12 யூரோ என்பது ‘தூஸோரோ’. வித்தியாசம் முதல் உயிரொலியில் மட்டும்தான். பில்லைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசை எடுப்பது உத்தமம்.

சரி, உயிரெழுத்தைக் கண்டால் ஒட்டிவிடலாமா? அங்கேதான் ‘ஹ’ வருகிறது. பிரெஞ்சில் அதற்கு ஒலியே கிடையாது. ஆனாலும் சில சொற்களின் முன்னால் திண்ணைத் தாத்தா மாதிரி உட்கார்ந்திருக்கும். பேசவும் பேசாது, யாரையும் உள்ளே விடவும் விடாது! பழைய மார்க்கெட் இருந்த ‘லே ஆல்’ பேட்டையில் ‘லே’ தனி, ‘ஆல்’ தனி. ஆனால், நெப்போலியன் சமாதி இருக்கும் இடம் ‘லேஸன்வலீத்’.

தாத்தாவை மதிக்காவிட்டால் என்ன ஆகும்? வீரர்கள் என்பதற்கு ‘லே எரோ’. இணைத்து ‘லேஸெரோ’ என்றால் பூஜ்யங்கள்! நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்களை ஒரே எழுத்தில் முட்டையாக்கிய பாவம் உங்களுக்கு. வேடிக்கை என்னவென்றால், ஹீரோயின்களுக்கு இந்தத் தடையே இல்லை, தாராளமாக ஒட்டலாம்.

தப்பாக ஒட்டுகிறவர்களுக்குப் பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். இல்லாத ‘த்’தைச் செருகினால் அது ‘தோல்’. இல்லாத ‘ஸ்’ஸைச் செருகினால் ‘வெல்வெட்’. படித்தவர் போல் காட்டிக்கொள்ள எங்கே பார்த்தாலும் ஒட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுவார்கள். மேடைப் பேச்சில் இணைப்பு நிறைய வரும். சந்தைக் கடையில் பாதி காணாமல் போகும்.

புதுசாகப் போகிறவர்கள் இரண்டே இரண்டை நெஞ்சில் நிறுத்துங்கள். ‘லே’க்கு அடுத்து வருவது உயிரெழுத்தா, தாத்தா இல்லையா... கட்டாயம் ஒட்டுங்கள். நண்பர்கள் ‘லே அமி’ அல்ல, ‘லேஸமி’. ‘மற்றும்’ என்று பொருள்படும் ‘ஏ’ வந்தால் மட்டும் அதன் ‘த்’தை எழுப்பாதீர்கள். எந்த உயிர் வந்து தட்டினாலும் அது எழுந்திருக்காது. கும்பகர்ணன் ஜாதி!