ஐப்பசிக்கு வைத்த டிஷ்

இப்போதெல்லாம் டிஷ் மாட்டுகிற வேலையைவிடக் கழற்றுகிற வேலைதான் எனக்கு அதிகம் வருகிறது. ஃபைபர் லைன் கிராமங்களுக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் பார்க்கிறார்கள். போன மாதம் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், 2009இல் நானே மாட்டிய டிஷ் ஒன்றைக் கழற்றப் போனேன். மாடி ஏறியதும் முதலில், டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்குகிற எல்.என்.பி.யின் அடியில் கேபிள் சேருகிற இடத்தைத்தான் பார்த்தேன். சுற்றியிருந்த டேப்பின் மேல்சுற்று வெயிலில் வெளுத்துப் பொடிந்து வந்தது. உள்சுற்று இன்னும் ரப்பராக இழுபட்டது. கனெக்டரைத் திருகி எடுத்து நடுக்கம்பியை வெளிச்சத்தில் பிடித்தேன். புளி போட்டு விளக்கிய செம்பு மாதிரி இருந்தது. கடற்காற்று வீசுகிற ஊரில் பதினைந்துக்கும் மேற்பட்ட மழைக்காலங்களும் ஒரு கஜா புயலும் அந்தக் கம்பியைத் தொடவில்லை. அன்று முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது.

இந்தத் தொழிலில் நல்ல வேலைக்கும் மோசமான வேலைக்கும் வித்தியாசம் மாட்டுகிற அன்றைக்குத் தெரியாது. 1990களில் கேபிள் டிவிக்காரர் ஒருவரிடம் ஏணி தூக்கும் பையனாகத்தான் தொழிலுக்கு வந்தேன். அப்போது பன்னிரண்டு அடி வலை டிஷ். அனலாக் சிக்னல். திசை கொஞ்சம் தவறினாலும் திரையில் புள்ளி புள்ளியாக விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். டி.டி.எச். வந்தபோது எல்லாம் டிஜிட்டல். படம் வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் ஒன்றுமே வராது. அரைகுறையாக வைத்த டிஷ்ஷும் சித்திரை வெயிலில் கண்ணாடி மாதிரி படம் காட்டும். வீட்டுக்காரர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். ஐப்பசியில் வானம் கறுத்ததும் நீலத் திரையில் "நோ சிக்னல்" வந்து நிற்கும். வெயில் நாளில் மாட்டுகிறோம்; வைப்பது மழை நாளுக்காக. இது நெஞ்சில் ஏறாதவன் எத்தனை ஆயிரம் டிஷ் மாட்டினாலும் தொழில் படிந்தவன் ஆக மாட்டான்.

மழையில் ஏன் போகிறது என்று கேட்காத வீடே கிடையாது. டி.டி.எச். சிக்னலின் அலைநீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிற அந்த மெல்லிய அலையைக் கனத்த மழை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகிறது. பழைய பெரிய டிஷ்கள் வாங்கியது ஏழரை சென்டிமீட்டர் அலை. அதை மழை அவ்வளவாகச் சீண்டாது. கொட்டோ கொட்டென்று கொட்டுகிற பத்து நிமிஷம் எந்த டிஷ்ஷிலும் படம் போகலாம். அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் சாதாரண மழைக்கே போகிறது என்றால், சேமிப்பில் ஒன்றும் இல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெயிலில் மிச்சம் பிடித்த சிக்னல்தான் மழையில் செலவாகிறது.

அந்த மிச்சம் எவ்வளவு நுணுக்கமான விஷயம் பாருங்கள். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் ஒரு டிகிரி சாய்வு என்பது விளிம்புக்கு விளிம்பு ஒரே ஒரு சென்டிமீட்டர். அந்த ஒரு டிகிரி தவறினாலும் வெயிலில் படம் அப்படியே இருக்கும். ஆனால் வந்து சேர்கிற சக்தியில் கால் பங்குக்கு மேல் போயிருக்கும். அதனால் படம் வந்துவிட்டது என்று ஸ்பேனரைப் போடக் கூடாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒரு பென்சிலைக் காதில் செருகியிருப்பார். டிஷ்ஷை இடப்பக்கம் மெல்லத் திருப்பி, சிக்னல் விழுகிற இடத்தில் கம்பத்தில் ஒரு கோடு. வலப்பக்கம் திருப்பி, விழுகிற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார். அண்ணாந்த நிலைக்கும் அதே மாதிரி. "ரெண்டு கரையும் தெரிஞ்சாதாண்டா நடு ஆறு தெரியும்" என்பார். முறுக்கும்போது டிஷ் நகரும் என்பதால், ஒரு நட்டையே முழுசாக முறுக்காமல் 13 நம்பர் ஸ்பேனரால் மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாக, மீட்டரைப் பார்த்துக்கொண்டே இறுக்க வேண்டும்.

மீட்டரிலும் எதைப் பார்ப்பது என்று இருக்கிறது. ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டை வரும். ஸ்ட்ரெங்த் பட்டை பக்கத்துச் செயற்கைக்கோளைப் பார்த்தாலும் நிறைந்து நிற்கும். குவாலிட்டிதான் உண்மை பேசும். அதைக் கடைசியாகக் கொஞ்சம் ஏற்றுவது எல்.என்.பி.யின் முறுக்கு. அதைப் பிடிப்பானுக்குள் எவ்வளவு திருப்பி வைக்க வேண்டும் என்பது சென்னைக்கு ஒன்று, கன்னியாகுமரிக்கு ஒன்று. பலர் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

கம்பம் செங்குத்தாக நிற்காவிட்டால் இவ்வளவும் வீண். சாய்ந்த கம்பத்தில் டிஷ்ஷை இடம் வலம் திருப்பினாலே மேல் கீழும் மாறிவிடும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று ஓடும். கொத்தனாரின் தூக்குக்குண்டும் ரசமட்டமும் என் பையில் எப்போதும் இருக்கும்.

"தம்பி, எதிர்ல தென்னை நிக்குதே, மறைக்காதா?" என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் வருகிற கேள்வி. டிஷ்ஷின் முகத்தைப் பார்த்தால் அது தென்னையைத்தான் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆனால் இந்த வகை டிஷ், தன் முகம் காட்டும் திசையைவிட ஏறக்குறைய 25 டிகிரி மேலேயிருந்து வருவதைத்தான் வாங்குகிறது. பட்டுக்கோட்டையிலிருந்து பார்த்தால், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிற செயற்கைக்கோள் தென்கிழக்கே 69 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில் நிற்கிறது. டிஷ்ஷுக்கு மேல் முப்பது அடி உயர்ந்த தென்னை, பதினொன்று, பன்னிரண்டு அடிக்குள் நின்றால்தான் மறைக்கும். அதோடு மட்டை விரிகிற நீளத்தையும், இனி அது வளரப்போகிற உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இன்றைய மரத்துக்கு வைத்தால் ஐந்து வருஷத்தில் மறுபடி ஏற வேண்டும்.

எங்கே துளை போடுவது என்பதில் நான் செய்த தவறு ஒன்று இன்னும் உறுத்துகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், தட்டோடு பதித்த தளத்திலேயே துளை போட்டு டிஷ்ஷை நிறுத்தினேன். பார்வைக்கு அவ்வளவு உறுதி. கார்த்திகையில் அந்த வீட்டு சாமி அறைக்குள் ஒழுக ஆரம்பித்தது. வீட்டுக்காரர் கோபப்படவில்லை. "வீடு கட்டப் பதினோரு வருஷம் ஆச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து தளத்தில் நான் துளை போட்டதே இல்லை. தண்ணீர்த் தொட்டியின் தூண், மாடி எடுக்க விட்டு வைத்த கான்கிரீட் தூண், எதுவும் இல்லாவிட்டால் கனத்த கான்கிரீட் கட்டை வார்த்து அதன்மேல். நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரை நம்பக் கூடாது. காற்று டிஷ்ஷைப் பிடித்து ஆட்டும்போது செங்கல்லோடு பெயர்ந்து வரும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. மறுநாள் தெருவில் விழுந்து கிடந்த டிஷ்கள் பலவற்றிலும் டிஷ் வளையவே இல்லை. ஆங்கர் போல்ட்டோடு சுவர்தான் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது.

அடுத்தவன் வேலையைத் திறந்து பார்க்கிற பாடத்தை 2010 எனக்குக் கொடுத்தது. அந்த ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்சக்தி பழுதாகிப் பாதி டிரான்ஸ்பாண்டர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த தமிழ்ச் சேனல்களின் சேவை 93.5 டிகிரியிலிருந்து 91.5 டிகிரியில் நின்ற மீசாட்-3க்கு மாறியது. மேலே இரண்டு டிகிரிதான்; ஆனால் எங்கள் ஊரில் கம்பத்தில் நாலு டிகிரிக்கு மேல் திருப்ப வேண்டும், இரண்டு டிகிரி அளவுக்கு அண்ணாத்தவும் வேண்டும். வீடு வீடாக ஏறினோம். சில டிஷ்களில் நட்டுக்குக் கிரீஸ் தடவி, வாஷர் போட்டு, பழைய நிலையைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தான் முகம் தெரியாத ஒருவன். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. வேறு சிலவற்றில் துரு ஏறிய போல்ட்டை ஆக்ஸா பிளேடால் அறுக்க வேண்டியிருந்தது. நம் வேலை வீட்டுக்காரருக்கு மட்டும் இல்லை, பின்னால் ஏறப்போகிறவனுக்கும்தான் என்று அந்த நாட்களில் படிந்தது.

மற்றதெல்லாம் சரியாக இருந்தும் டிஷ்ஷைக் கொல்வது தண்ணீர். அது நுழைகிற வாசல் கனெக்டர். மேலுறையைச் சீவும்போது பிளேடு பின்னல் கம்பியைத் தொடக் கூடாது. பின்னலைப் பின்னால் மடித்த பிறகு ஒரு இழைகூட நடுக்கம்பிப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அந்தக் கம்பி வழியாகத்தான் எல்.என்.பி.க்கு 13, 18 வோல்ட் போகிறது. மயிரிழை தொட்டாலும் ஷார்ட். வெள்ளை நுரை கனெக்டரின் உள்தளத்தோடு மட்டமாக நிற்க வேண்டும். நடுக்கம்பி வாயைத் தாண்டி இரண்டு, மூன்று மில்லிமீட்டர். பிறகு அமுக்கிப் பிடிக்கிற கருவியால் ஒரே அமுக்கு. கையால் திருகிச் செருகுகிற கனெக்டரை வெளியில் போடவே கூடாது. கேபிளை எல்.என்.பி.யிலிருந்து நேராக இறக்காமல் தூளி மாதிரி ஒரு தொய்வு விட்டால், மழைத் தண்ணீர் அந்தத் தொய்வின் அடியில் சொட்டிப் போய்விடும். வீட்டுக்குள் நுழைகிற துளை வெளியிலிருந்து உள்ளே மேல்நோக்கி ஏற வேண்டும். இல்லையென்றால் கேபிளே மழையைக் கூடத்துக்குக் கூட்டிவரும்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு டிஷ்ஷுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு நாளில் எட்டு, பத்து வீடு முடிக்கச் சொல்வார்கள். அந்த ஓட்டத்தில் முதலில் விடுபடுவது டேப், அப்புறம் தொய்வு, அப்புறம் பென்சில். மூன்றும் சேர்ந்து இருபது நிமிஷம்தான். அந்த இருபது நிமிஷத்தை விட்டுக்கொடுக்காததால் சம்பாத்தியம் குறைந்தது. அதற்காக நான் வருந்தியதில்லை.

தொடக்கூடாத நேரம் தெரிவதும் கைத்தேர்ச்சிதான். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், முற்பகல் பதினோரு மணியை ஒட்டிச் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சில நிமிஷம் படம் போகும். போன் வரும். "டிஷ்ஷைத் தொடாதீங்க, சூரியன் நகர்ந்ததும் வந்துடும்" என்று சொல்லிவிடுவேன். அந்த நேரத்தில் ஏறித் திருப்பிக் காசு வாங்குகிறவர்களும் உண்டு. நன்றாக நின்ற டிஷ் அன்றோடு கெட்டுப்போகும்.

போன மாதம் கழற்றிய டிஷ்ஷைக் கீழே இறக்கிய பிறகு, தூணில் நான்கு துளைகள் மிச்சம் இருந்தன. போல்ட்டுகளை உருவி, தூசியை ஊதி, தண்ணீர் தெளித்து, கொஞ்சம் சிமெண்டு குழைத்து ஒவ்வொன்றாக அடைத்தேன். தூணின் பழைய மட்டத்துக்கு விரலால் வழித்துவிட்டேன். அந்த வீட்டுப் பெரியம்மா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிஷ்ஷே போயிடுச்சு. அந்த ஓட்டை யாருக்குத் தெரியப் போவுது? வெயில்ல நிக்காத, இறங்கி வா தம்பி" என்றார்.

"ஐப்பசிக்குத் தெரியும் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, நான்காவது துளையையும் அடைத்தேன்.