கிடாருக்கு ஒரு லாரி ட்யூப்!

‘நாமக்கல்காரன் லாரிக்கு பாடி கட்டுவான், கிடாருக்குமா கட்டுவான்?’ என்று ஹாஸ்டலில் என்னைக் கேலி செய்த நண்பர்களே, இக்கட்டுரை உங்களுக்கே காணிக்கை!

என் அப்பா லாரி பாடிக்கு மரவேலை செய்தவர். பட்டறை இரும்புக்கு மாறியதும் அவருடைய உளிகள் சாக்குப்பையில் சுருண்டு பரணேறிவிட்டன. வெல்டிங் செய்பவருக்குக் கைவேலை செய்துகொண்டிருந்தார். அவரைப் பழையபடி உளி பிடிக்க வைக்கத்தான் இந்தக் கிடார் ஆசையை ஆரம்பித்தேன் என்றால் நம்புவீர்களா? பாதி உண்மை அதுதான்.

மெஷின் வந்த பெட்டியின் பைன் பலகையை 3 மில்லிமீட்டருக்கு இழைத்து முன்பக்கம் செய்தோம். உடம்பு முடிந்தது. மிச்சம் ஓரப்பட்டை. ‘பைண்டிங்’ என்பார்கள். பலரும் அதை அழகுக்கு என்று நினைக்கிறோம். பலகையின் வெட்டுமுனை வழியேதான் ஈரம் சீக்கிரம் ஏறும். இடிபட்டால் சிதறுவதும் அந்த ஓரம்தான். அதைக் காப்பதற்கே இந்தப் பட்டை.

பாட்டியின் உடைந்த கட்டிலில் ஒரு ஈட்டிமரச் சட்டம் இருந்தது. 1833-இல் தொடங்கிய அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி, பிரேசில் மரம் கிடைப்பது அரிதானதும் 1969-இல் நம் நாட்டு ஈட்டிக்குத்தான் மாறியது. அப்படிப்பட்ட மரம் எங்கள் வீட்டுக் கட்டிலில்! 2 மி.மீ. தடிமனில் சரியாக நாலு பட்டைதான் தேறியது. ஒன்று உடைந்தாலும் வேறு மரம் இல்லை.

ஜி.ஐ. பைப்பைச் சூடாக்கி, நனைத்த பட்டையை அதன்மேல் அழுத்தினோம். சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகும். ‘அவசரப்படாத கண்ணு, மரமே சொல்லும்’ என்றார் அப்பா. சொன்னது! கையில் லேசாக இளகி, வளைந்து கொடுத்தது.

மூன்று பட்டைகளை அவரோடு ஒட்டினேன். நாலாவதை, அவர் ஊருக்குப் போயிருந்த இரவில் நானே ஒட்டினேன். பசை தடவி, பழைய லாரி ட்யூபை நாடாவாக வெட்டி, உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். காலையில் அவிழ்த்தால்... இடுப்பில் நாலு அங்குல நீளத்துக்கு இடைவெளி. பிளேடு உள்ளே போகிறது!

மூன்றாம் முறை எழுதி பாஸான மெக்கானிக்ஸ் அப்போதுதான் புரிந்தது. இழுத்துக் கட்டிய நாடா, வெளியே புடைத்த இடத்தைத்தான் உள்நோக்கி அழுத்தும். உள்ளே குழிந்த இடுப்பைப் பாலம் மாதிரி தாண்டிப் போய்விடும். மற்ற மூன்றுக்கும் அப்பா இடுப்பில் ஒரு மரக்கட்டையைச் செருகி அதன்மேல் நாடாவைச் சுற்றியிருந்தார். நான் பார்த்தேன், ஏனென்று கேட்கவில்லை.

என்ன செய்தேன் தெரியுமா? மரத்தூளைப் பசையில் குழைத்துப் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாது.

சாயங்காலம் வந்தவர் கண்ணால் பார்க்கவில்லை. விரல் நகத்தால் ஓரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். இடுப்பில் சத்தம் மாறியது.

‘பூசியிருக்கியா?’

‘ஆமாங்ப்பா.’

திட்டுவார் என்று காத்திருந்தேன். ‘நானும் பூசி அனுப்பியிருந்தா, கொல்லிமலை எறங்கறப்ப டிரைவருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியாது’ என்றார். அவ்வளவுதான்.

பரணிலிருந்த சாக்குப்பை இறங்கியது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பசையை இளக்கி, மெல்லிய கத்தியை விட்டு, அரையங்குலம் அரையங்குலமாக மூன்று மணி நேரம் எடுத்தோம். நான் மூச்சுவிடவே பயந்தேன். பட்டை உடையவில்லை. பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை தடவி, கட்டையைச் செருகி நாடா சுற்றினோம். இம்முறை கட்டையைப் பிடித்தது நான். நாடாவை இழுத்தது அவர்.

இன்றும் உற்றுப் பார்த்தால் இடுப்பில் மயிரிழை அளவு கோடு தெரியும். ‘மூடட்டுங்களா?’ என்றேன். ‘இருக்கட்டும் விடு. நல்லா ஒட்டியிருக்குது’ என்றார்.

நண்பர்களே! ஒர்க்‌ஷாப்பில் டவ்டெயில் ஜாயின்ட்டின் இடைவெளியில் மரத்தூளை அடைத்து மார்க் வாங்காதவர் நம்மில் யார்? சாருக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் நாளை நாம் செய்யும் பொருளை நம்பி ஒருவர் மலை இறங்குவார்.

பின்குறிப்பு: கிடார் தயார். வாசிக்கத்தான் இன்னும் தெரியவில்லை. சாக்குப்பை மட்டும் மறுபடி பரணேறவில்லை. அப்பா இப்போது பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தொட்டில் செய்துகொண்டிருக்கிறார்!